கேஸ் இல்லாத டிரைவர்

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் 1951 ஆவணி மாதம் நாச்சிமுத்து பிறந்தான். அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டவள் அக்காள் ராமாத்தாள். அவளுக்கு அப்போது வயது பதினொன்று.

படிப்பு நின்றாலும் எழுத்து நிற்கவில்லை. மழை பெய்த நாள், மாடு கன்று போட்ட நாள், தம்பிக்கு முதல் பல் விழுந்த நாள் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். கல்யாணமாகி அதே ஊரில் நான்கு வயல் தள்ளிப் போன பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. நாச்சிமுத்து எட்டாவது முடித்து, 1969 வைகாசி பதினெட்டாம் தேதி திருச்செங்கோட்டு லாரி ஒன்றில் கிளீனராக ஏறினான் என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. டிரைவர் பெயர் சின்னுசாமி. பிள்ளையில்லாதவர், நல்ல மனுசர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கிளீனருக்கு நாலைந்து வருடம் ஆனதும், ஆளில்லாத ரோட்டில் டிரைவர் ஸ்டியரிங்கை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுவார். அதற்குத் துணையாக இன்னொரு வழக்கமும் உண்டு. ஏதாவது ஆகிவிட்டால், லைசென்ஸ் எவனிடம் இருக்கிறதோ அவன்தான் வண்டி ஓட்டினவன். யார் ஓட்டினார்கள் என்று லாரிக்காரர்களுக்குள் யாரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

1975 ஐப்பசியில் அதுதான் நடந்தது. சங்ககிரியிலிருந்து எடப்பாடி போகிற ரோட்டில், தூறல் விழுந்த ஒரு சாயங்காலம், சேலை மூட்டை கட்டின சைக்கிளில் வந்த இளம்பிள்ளை நெசவாளர் ஒருவர் மேல் லாரி ஏறிவிட்டது. ஓட்டினவன் நாச்சிமுத்து. அவனிடம் பெரிய வண்டி லைசென்ஸ் கிடையாது. சின்னுசாமி பக்கத்தில் நல்ல தூக்கத்தில் இருந்தார். முதல் நாள் முழுக்க அவர்தான் ஓட்டியிருந்தார். நாச்சிமுத்து குதித்து ஓடி அந்த ஆளைத் தூக்கினான். சின்னுசாமி விழித்து இறங்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

"மூஞ்சியக் கழுவு," என்றார் சின்னுசாமி. "கழுவிட்டு இந்தப் பக்கம் உக்காரு. தை மாசம் உனக்குக் கல்யாணம். நாந்தான் ஓட்டுனேன். நீ தூங்கிட்டிருந்த. அவ்வளவுதான்."

போலீஸ் வந்தபோது அவர் டிரைவர் சீட்டில் இருந்தார். கோர்ட்டில் ஒரு வருடம் தண்டனை. தம்பிக்குப் பதிலாக அவர் போனார் என்ற செய்தி ராமாத்தாளுக்கு வந்த அன்று அவள் திருச்செங்கோட்டு மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். மலைக்கும் சேர்த்து, சின்னுசாமிக்கும் சேர்த்து. தை மாதம் செல்லாயி நாச்சிமுத்துவுக்கு மனைவியாக வந்தாள். பங்குனியில் நாச்சிமுத்துவுக்குப் பெரிய வண்டி லைசென்ஸ் கிடைத்தது. எல்லாம் சுத்தமாக முடிந்துவிட்டது என்றே ராமாத்தாள் நினைத்தாள்.

அதற்குப் பிறகு நாச்சிமுத்துவைப் போல ஒரு டிரைவர் அந்தப் பக்கத்தில் இல்லை என்று பேர் வந்தது. ஒரு கோழிக்குஞ்சு மேல்கூட வண்டி ஏற்றாதவன். லாரிக்காரர்கள் "கேஸ் இல்லாத டிரைவர்" என்றே அவனைச் சொன்னார்கள். ராமாத்தாளுக்கு அந்தப் பட்டம் கலெக்டர் கொடுத்த பதக்கம் மாதிரி. சந்தைக்குப் போனாலும் சொல்வாள், சாவு வீட்டுக்குப் போனாலும் சொல்வாள்.

அவனுக்கு வந்த நோய் எப்போது ஆரம்பித்தது என்று அவளுடைய நோட்டில் தேடினால், 1978 மாசி ஆறாம் தேதியில் முதல் குறிப்பு இருக்கிறது. "தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை." பிறகு அதே மாதத்தில் இன்னும் மூன்று தடவை. சோறு ஒழுங்காகச் சாப்பிட்டான், தூங்கினான், வேலைக்குப் போனான். ஆனால் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு ஒருவனைக் கூப்பிடுகிறார்கள் போல ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுத்தான் திரும்புவான்.

காதில் கோளாறு என்று முடிவு செய்து ராமாத்தாள் அவனைச் சேலத்துக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டித் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்.

"காது நல்லா இருக்கும்மா. எனக்கே இவ்வளவு நல்லாக் கேக்காது."

"அப்பறம் ஏனுங்க திரும்ப மாட்டேங்கறான்?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டாள். "தெரியலக்கா" என்றான். நாமக்கல்லில் நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத நோய்க்குப் பேர் என்ன என்று தெரிந்துகொள்ள ராமாத்தாளுக்கு நான்கு வருடம் ஆனது.

1982 மாசியில் நாச்சிமுத்து சேலத்தில் கிறிஸ்தவர்கள் நடத்தும் ஒரு அச்சகத்திலிருந்து கழிவுத் தாள் ஏற்றி, ஈரோட்டுப் பக்கம் ஒரு அட்டை மில்லுக்குப் போனான். மில்லில் ஒரு நாள் முழுக்க வண்டி வரிசையில் நின்றது. சீட்டில் விரிப்பதற்காக எடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்தவன், அதில் மூன்றை மடித்துக்கொண்டு நேராக அக்காள் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, இதப் படி. என்ற நோவ எவனோ எழுதி வெச்சிருக்கறான்."

தாள் ஒவ்வொன்றும் தோளில் போடுகிற துண்டு அளவு பெரிது. மை அப்பியிருந்தது. தாளின் ஒரு புறத்துக்கு எட்டுப் பக்கம், அதிலும் பாதி தலைகீழாக. இருபத்து நான்காம் பக்கத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து இருந்தது. சரி. பதினேழுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு எதற்கு?

"குடிச்சுப்போட்டு அடிச்சிருப்பானுகளோ?" என்றான் நாச்சிமுத்து.

ராமாத்தாள் தாளைத் தரையில் விரித்து நாலு மூலைக்கும் படி, உழக்கு, தேங்காய், அரிவாள்மணை என்று வைத்து, எண்களைப் பென்சிலால் வட்டமிட்டாள். பதினேழும் முப்பத்திரண்டும் நாற்பத்தொன்பது. இருபதும் இருபத்தொன்பதும் நாற்பத்தொன்பது. அந்தத் தாளில் அடுத்தடுத்து இருந்த எந்த இரண்டைக் கூட்டினாலும் அதே கணக்கு. இது தப்பில்லை, முறை என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தாளை ஒரு மடிப்பு மடித்தாள், திருப்பி இன்னொன்று, இன்னொன்று. பக்கமெல்லாம் வரிசையாக வந்து நின்றன. மூன்று தாளையும் அப்படி மடித்துக் கோணி ஊசியால் தைத்து, ஓரத்தைக் கத்தியால் பிரித்தபோது பதினேழிலிருந்து அறுபத்து நான்கு வரை ஒரு புத்தகம் கையில் இருந்தது. அட்டை இல்லை, எழுதினவர் பேர் இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை, கடைசியும் இல்லை.

அதைப் படிக்க இருவருக்கும் எட்டு நாள் ஆனது. எங்கோ குளிர்ப்பிரதேசத்து ஞானி ஒருவர் எழுதி, யாரோ ஒரு பாதிரியார் தமிழில் போட்டது என்று மட்டும் தெரிந்தது. அவர் சொன்னது இது. மனிதன் ஒவ்வொருவனுக்கும் "தான்" என்று ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அது கடவுள் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. அந்த வீட்டில் குடியிருக்காததுதான் நம்பிக்கையிழப்பு என்கிற நோய். நோய்க்காரர்கள் மூன்று வகை. வீடு ஒன்று இருப்பதே தெரியாமல் சந்தோஷமாகத் தெருவில் திரிகிறவன் முதல் வகை. வீடு தெரியும், ஆனால் உள்ளே இருப்பதைப் பார்க்கப் பயந்து அடுத்தவன் வீட்டில் ஒண்டிக்கொள்கிறவன் இரண்டாவது. மூன்றாமவன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கட்டினவரே வந்து தட்டினாலும் திறக்காதவன்.

"நானு ரெண்டாவது," என்றான் நாச்சிமுத்து. "சின்னுசாமியண்ணன் ஊட்ல ஒண்டீட்டிருக்கறேன். நாச்சிமுத்துன்னு கூப்பிட்டா அந்த ஊட்ல ஆளில்லை. எப்படித் திரும்பறது?"

ராமாத்தாளுக்குச் சிலிர்த்தது. நாலு வருடமாக நோட்டில் எழுதினது, ஒரு வரியில் வந்துவிட்டது. முதல் வகையைப் படிக்கும்போது பக்கத்துத் தோட்டத்து மாரக்காளைத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். இரண்டாம் தடவை படித்தபோது அதில் இருந்தது, தம்பிக்குக் கேஸ் இல்லை என்று சந்தையில் சொல்லித் திரிந்த தான்தான் என்று தெரிந்து, அந்தப் பக்கத்தைச் சீக்கிரமாகப் புரட்டினாள்.

நாச்சிமுத்து கிறிஸ்தவனாகிறான் என்ற பேச்சு காதில் விழுந்ததும் மாரக்காள் சும்மா இருக்கவில்லை. "ஏனாத்தா, உன்ற தம்பி வேதத்துல சேந்துட்டானாமா?"

"சேந்தா உனக்குச் சொல்லாமயா சேருவான்? மோரு குடி."

ஆனால் அறுபத்து நான்காம் பக்கத்தில் அவர்கள் இருவரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். "இவர்கள் மூவரில் எவனுக்கும் வழி உண்டு. அதற்கு அவன் முதலில்" என்று வரி முடிந்துவிட்டது. முதலில் என்ன? கோவிலுக்குப் போக வேண்டுமா, சர்ச்சுக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்கா? நாச்சிமுத்து தானே ஒரு முடிவுக்கு வந்திருந்தான். செத்தவர் வீட்டுக்குப் போய் நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுவது. ராமாத்தாள் தடுத்தாள்.

"சித்த பொறு, சாமி. அவரு முதல்லன்னு என்னமோ சொல்ல வாராரு. அதைத் தெரிஞ்சுக்காம நீயா ஒண்ணு செஞ்சு, அது தப்பாப் போச்சுன்னா?"

நோட்டில் தேதி எழுதிவிட்டு, பங்குனி இரண்டாம் வாரம் இருவரும் பஸ் ஏறிச் சேலம் போனார்கள்.

அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர் தேவசித்தம் என்ற ஐம்பது வயதுக்காரர். கை விரல் நுனியெல்லாம் ஈயக் கறுப்பு. ராமாத்தாள் தைத்துக் கொண்டுவந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"யாரும்மா மடிச்சது?"

"நாந்தானுங்க."

"யாரு சொல்லிக் கொடுத்தாங்க?"

"கூட்டிப் பாத்தனுங்க. மொதத் தாளு எல்லாம் நாற்பத்தொன்பதுக்கு வந்துச்சு."

தேவசித்தம் உள்ளே திரும்பிக் கத்தினார். "டேய், பைண்டிங்கில ஒரு ஆள் எடம் காலியா இருக்குன்னியே, இங்க வந்து பாரு!" ராமாத்தாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அந்த வார்த்தையையும் ஊருக்கு வந்து நோட்டில் எழுதிவைத்தாள்.

கடைசித் தாள் இன்னும் மெஷினுக்குப் போகவில்லை. ஆணியில் குத்தியிருந்த மெய்ப்புத் தாளை அவர் எடுத்துவந்து, அறுபத்தைந்தாம் பக்கத்தை அவர்களுக்கு முன்னால் வைத்தார். நாச்சிமுத்து வாய்விட்டுப் படித்தான். "வெளியே வர வேண்டியதில்லை, உள்ளே வந்தால் போதும். தான் யாரோ அவனாக, தன் குற்றத்தோடு, தன்னைப் படைத்தவர் முன்னால் நின்றால் போதும். என் குற்றம் பெரிது, அதை மன்னிக்க முடியாது, நானே சுமந்து தீர்ப்பேன் என்கிறவன் தாழ்மையுள்ளவன் போலத் தோன்றுவான். அவன்தான் மூன்றாமவன். அவனுக்குப் பதிலாக ஒருவர் ஏற்கனவே சுமந்தாயிற்று."

அங்கே நிறுத்திவிட்டான். அவன் முகம் கோபமாக மாறியது.

"ஏனுங்க, எனக்குப் பதிலா ஒருத்தரு போனாரு. ஒரு வருசம் ஜெயில்ல இருந்தாரு. அதனாலதானுங்க எனக்கு இந்த நோவே வந்துச்சு! இவரு மறுபடியும் அதையே மருந்துங்கறாரு?"

ராமாத்தாளுக்கும் அதே கேள்விதான். அவள் தேவசித்தத்தின் வாயையே பார்த்தாள். தேவசித்தம் நடந்தது என்ன என்று கேட்டார். நாச்சிமுத்து சொன்னான். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பெட்டியிலிருந்து ஒரு ஈய எழுத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் பெரிய படிப்பாளி இல்லீங்க. கோர்க்கறவன். எழுத்தெல்லாம் இடம் வலமாத் திரும்பித்தான் என் கண்ணுக்குத் தெரியும். ஆனா ஒண்ணு. உங்க டிரைவர் போனது நீங்க மறைஞ்சுக்கறதுக்கு. அன்பாத்தான் செஞ்சாரு, இல்லைங்கலை. ஆண்டவர் போனது நீங்க மறையாம வரலாங்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். தாளில அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்கு நானு வேதத்துல சேரோணுங்களா?"

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. எனக்கு இன்னும் ரெண்டு பாரம், முப்பத்திரண்டு பக்கம், கோர்க்க இருக்கு."

திரும்பி வரும்போது நாச்சிமுத்து மல்லசமுத்திரத்தில் இறங்காமல் திருச்செங்கோட்டுக்கே டிக்கெட் வாங்கினான். சின்னுசாமி அங்கே ஒரு டயர் கடையில் காவலுக்கு இருந்தார். ஜெயிலிலிருந்து வந்த பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"வாடா, கேஸ் இல்லாதவனே," என்றார். "வாம்மா ராமாத்தா, உக்காரு. டயர்தான் இருக்குது, நாற்காலி இல்லை."

"அண்ணா, நானு செத்தவரு ஊட்டுக்குப் போயிச் சொல்லப் போறனுங்க."

சின்னுசாமி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "சொல்லி? ஒரு வருசம் களி தின்னவன் நானு. அதைய வேஸ்ட்டுங்கறியா? நானு என்ற வாழ்க்கைல ஒண்ணே ஒண்ணுதாண்டா ஒழுங்காச் செஞ்சேன்."

"வேஸ்ட்டுன்னு சொல்லலீங்ணா."

"அப்பறம்? உனக்குத் தெரியுமா, வருசா வருசம் ஐப்பசில நானு இளம்பிள்ளை போயிட்டு வாரேன். மொத வருசம் செத்தவரு சம்சாரம், பூவாத்தா, சாணித் தண்ணிய மேல ஊத்துச்சு. ரெண்டாவது வருசம் கதவைச் சாத்திக்கிச்சு. மூணாவது வருசம் உள்ள கூப்பிட்டுச்சு. போன வருசம், 'போச்சாது, போகட்டும், வேணுமுன்னேயா செஞ்சீங்க? விட்டுட்டேன்'னு சொல்லிச் சோறு போட்டுச்சு."

நாச்சிமுத்து ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். ராமாத்தாளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. தம்பிக்குச் சேர வேண்டிய மன்னிப்பு இந்த மனுசனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"அந்தச் சோறு இறங்குச்சுங்களா?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

சின்னுசாமி அவளை முறைத்தார். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டார். "இல்லை. தொண்டைலயே நின்னுச்சு. எனக்குண்டானதில்லையே அது." பக்கத்து டயரைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஆனா இப்ப நீ போயிச் சொன்னீன்னா அது ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிரும். ரோசன பண்ணிக்க."

"பண்ணீட்டனுங்கண்ணா. இல்லைன்னாலும் நானாப் போயி நின்னு இல்லைன்னு கேட்டுக்கறேன். உங்க சட்டையப் போட்டுக்கிட்டு மன்னிப்பு வாங்க முடியலை."

"எனக்கு அந்தம்மாகிட்ட ஒரு எடம் இருந்துச்சு. அதுவும் போகும்," என்றார் சின்னுசாமி. ஆனாலும் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை மூவரும் இளம்பிள்ளை போனார்கள். தறிச் சத்தம் கேட்கிற சந்தில் நாலாவது வீடு. பூவாத்தாள் வாசலில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சின்னுசாமியைப் பார்த்து, "என்ன, ஐப்பசி வாரதுக்குள்ள வந்துட்டீங்க? யாரு இவங்க?" என்றாள்.

சின்னுசாமி வாயைத் திறக்கும் முன்னால் நாச்சிமுத்து சொல்லிவிட்டான். "அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நானுங்க. இவரு தூங்கிட்டிருந்தாரு. எனக்கு லைசென்ஸ் இல்லை, கல்யாணம் வெச்சிருந்துச்சு. அதுக்காக இவரு போனாரு. நானு ஒளிஞ்சுக்கிட்டனுங்க."

ராட்டை நின்றது. பூவாத்தாள் நாச்சிமுத்துவைப் பார்க்கவில்லை. சின்னுசாமியைத்தான் பார்த்தாள்.

"நெசமா?"

"நெசந்தாம்மா."

"அப்ப நானு ஊத்துன சாணித் தண்ணி?"

"வாங்கிக்கிட்டேன்."

"அடப் பாவி மனுசா! அஞ்சு வருசமா உன்னையத் திட்டுன திட்டையெல்லாம் நானு எங்க போயித் திருப்பி வாங்குவேன்? நாலு ஊருக்குக் கேக்கறாப்புல திட்டியிருக்கறேன். உன்னைய மன்னிக்கறதுக்கு நானு என்ன பாடுபட்டேன், தெரியுமா? அந்தப் பாடெல்லாம் ஆருக்குப் பட்டது?" அவள் நூல்கண்டைத் தூக்கிச் சின்னுசாமி மேல் எறிந்தாள். அது அவர் நெஞ்சில் பட்டு உருண்டு ராமாத்தாள் காலடியில் வந்து நின்றது. ராமாத்தாள் குனிந்து எடுத்து, பிரிந்த நூலைச் சுற்றிக்கொண்டே நின்றாள். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

பூவாத்தாள் அப்போதுதான் நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள்.

"எறங்கித் தூக்குனது நீயா?"

"ஆமாங்க."

"உசிரு இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம் இருந்துச்சுங்க."

"இந்த மனுசனை வருசா வருசம் கேப்பேன், என்ன சொன்னாரு, என்ன சொன்னாருன்னு. ஒண்ணுஞ் சொல்லலைன்னே சொன்னாரு. ஒண்ணுஞ் சொல்லாமப் போற ஆளா அவரு? அதை நெனச்சு நெனச்சு நானு..." அவள் ராட்டையைத் தள்ளி வைத்தாள். "சொன்னாரா?"

நாச்சிமுத்து அவள் முன்னால் தரையில் குந்தினான்.

"சொன்னாருங்க. மணி என்னன்னு கேட்டாரு."

பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று ராமாத்தாளுக்குத் தெரியவில்லை.

"அதான். அவரேதான். கடியாரம் வாங்கிக்கன்னா வாங்க மாட்டாரு, போறவன் வாரவனையெல்லாம் நிறுத்திக் கேப்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ என்ன சொன்ன?"

"நாலரைன்னு சொன்னனுங்க. 'அப்பப் பொழுதிருக்குது'ன்னாரு. அதுக்கு மேல பேசலைங்க."

"பொழுதிருக்குது," என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.  பக்கத்து வீட்டுத் தறி தட்டிக்கொண்டே இருந்தது.

"இவருக்குக் கொடுத்ததை உனக்கு மாத்திக் கொடுக்க என்னால ஆவாது," என்றாள் பூவாத்தாள் கடைசியில். "அது அவருக்குன்னு சொன்னது. அவரே வெச்சுக்கட்டும், உனக்காகப் போனதுக்கு. உனக்கு என்னன்னு எனக்கு இப்பத் தெரியலை. நீ வந்து போயிட்டிரு. ஓடிப் போவாத."

"போவ மாட்டனுங்க," என்றான் நாச்சிமுத்து.

சின்னுசாமி கதவோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டார். பூவாத்தாள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நாச்சிமுத்துவின் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுட்டு மொதல்ல இருந்து சொல்லு. எந்த எடம், எந்தப் பக்கம் வந்தாரு, சட்டை நனைஞ்சிருந்துச்சா. ஒண்ணு விடாமச் சொல்லு."

நாச்சிமுத்து குடித்துவிட்டு ஆரம்பித்தான். ஏழு வருடத்தில் தானும் அவனிடம் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் ராமாத்தாளுக்கு உறைத்தது. ஒரு வார்த்தையும் தப்பிவிடக் கூடாதென்று அவள் நகர்ந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.